எங்கள் வீட்டுக் கொடுவா

(மூன்றாமாண்டு விலங்கியல் மாணவி ஒருவர்)

கடற்கரையில் பிறந்தவர்கள் நல்ல மீனாகவே தின்று வளர்ந்திருப்பார்கள் என்று நம் கல்லூரித் தோழியர் பலர் எண்ணுகின்றனர். "உனக்கென்னடி, தினமும் வஞ்சிரமும் கொடுவாவுமாக இருக்கும்" என்று என் டிபன் டப்பாவை எட்டிப் பார்ப்பவர்களும் உண்டு. உண்மை வேறு. மீனவர் வீட்டில் மீன் இரண்டு வகைப்படும். ஒன்று விற்கும் மீன். மற்றொன்று தின்னும் மீன். வஞ்சிரம், வவ்வால், கொடுவா, பெரிய இறால் ஆகியவை முதல் வகை. மத்தி, கவலை, காரப்பொடி, நெத்திலி, வலையில் நசுங்கிய நண்டு ஆகியவை இரண்டாம் வகை. படகிலிருந்து வீட்டுக்கென்று எடுத்து வரும் பங்கை நாங்கள் 'கறிக்கு' என்போம். கறிக்கு வருவது எப்போதும் இரண்டாம் வகைதான். இதில் குறைபட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. மத்தியின் சுவை மத்திக்கு உண்டு. ஆயினும் விற்கும் மீன் ஒன்று எங்கள் அடுப்புக்கு வந்த கதையை இம்மலரில் எழுத வேண்டும் என்று வெகுநாளாக எனக்கு ஆசை.

முதலில் கொடுவாவைப் பற்றிச் சில சொற்கள். விலங்கியலார் இதனை லேட்டஸ் கால்காரிபர் என்பர். ஆங்கிலத்தில் ஏஷியன் சீ பாஸ், ஆஸ்திரேலியாவில் பாராமுண்டி. பாஸ் என்ற பெயரைக் கண்டு, அமெரிக்க ஏரிகளில் வாழும் கருப்பு பாஸ் இதன் உறவு என்று எண்ணிவிடக் கூடாது. அது நன்னீர் மீன், குடும்பமே வேறு. நம் கொடுவாவோ ஆறும் கடலும் கலக்கும் கழிமுகத்துக்குச் சொந்தக்காரன். குஞ்சுப் பருவத்தை உப்பங்கழியிலும் ஆற்றிலும் கழித்து வளர்ந்து, முட்டையிடும் காலத்தில் முகத்துவாரத்தை நோக்கி வரும். இரவில் விளக்கொளி பட்டால் இதன் கண்கள் தணல் போல ஒளிரும். இன்னொரு விந்தையும் உண்டு. இது முதலில் ஆணாக முதிர்ச்சி அடையும். சில ஆண்டுகள் கழித்து உடல் பெருத்த பின் பெண்ணாக மாறும். ஆகவே, மிகப் பெரிய கொடுவாக்கள் பெரும்பாலும் பெண் மீன்களே. இதனை வகுப்பில் கேட்டுவிட்டு வந்து வீட்டில் சொன்னபோது, "பெரிய கொடுவான்னா வயித்துல சினை இருக்கும்னு எங்களுக்குத் தெரியாதா? இதுக்கா காலேஜிக்குப் போற?" என்று ஆயா சிரித்தாள். மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுத்தர முற்பட்டால் இப்படித்தான்!

ஆயா என் அப்பாவைப் பெற்றவள். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் தலையில் கூடை சுமந்து மீன் விற்றவள். கொள்ளிடம் கடலில் கலக்கும் இடத்திற்கு அருகில் எங்கள் ஊர். விடியுமுன் பழையாற்றில் மீன் எடுத்துச் சீர்காழிக்கோ சிதம்பரத்துக்கோ சென்று தெருத்தெருவாய் விற்றுவிட்டு, பொழுது சாயத் திரும்புவாள். எந்த வீட்டில் எந்த மீன் பிடிக்கும், யார் வீட்டில் என்றைக்கு விரதம் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. பேசிக்கொண்டே, கையைப் பாராமலே, சங்கரா மீனின் முள்ளை நீக்கி எனக்கு ஊட்டிய விரல்கள் அவளுடையவை.

அந்த ஆயாவுக்குக் கண் போயிற்று. கண் நீர் அழுத்த நோய் என்றார்கள். புரை என்றால் அறுவை செய்து பார்வையை மீட்கலாம். இந்நோயில் இழந்த பார்வை திரும்பாது; எஞ்சியதைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து. எஞ்சியதோ வெளிச்சமும் நிழலும் மட்டுமே. நடமாட்டத்துக்குச் சுவரும் கயிறும் துணையாயின. ஆனால் சாப்பாட்டில் ஒரு மாற்றம் வந்தது. ஆயா மீன் தின்பதை விட்டுவிட்டாள்.

ஒரு நாள் சோற்றில் கலந்திருந்த கவலை முள் அவள் தொண்டையில் சிக்கியது. வெறும் சோற்றை உருட்டி விழுங்கியும் இறங்கவில்லை. மறுநாள் காலை மருத்துவரிடம் போய் எடுத்துவர நேர்ந்தது. அதன்பின் அம்மா முள்ளை ஆய்ந்து சதையை மட்டும் தட்டில் வைத்துப் பார்த்தாள். இரண்டு நாள் பேசாமல் தின்ற ஆயா, மூன்றாம் நாள் தட்டை நகர்த்திவிட்டு, "எனக்கு மீனே புடிக்கல. குழம்ப வடிகட்டி ஊத்து, போதும்" என்றாள். நாற்பது ஆண்டு மீனோடு வாழ்ந்தவளுக்கு மீன் பிடிக்கவில்லையாம்! பிறர் ஆய்ந்து கொடுத்ததைத் தின்பதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. இப்படியே இரண்டு ஆண்டுகள் சென்றன.

நாம் வழக்கமாக மீனைக் குறுக்கே துண்டு போடுகிறோம். அப்போது முதுகெலும்பும் விலா எலும்பும் ஒவ்வொரு துண்டிலும் பங்காகி நிற்கின்றன. குழம்பு கொதிக்கும்போது சதையை விட்டுக் கழன்று சோற்றோடு கலந்தும் விடுகின்றன. கண்ணுள்ளவர்க்கு இது ஒரு பொருட்டன்று. ஆனால் மீனை நெடுக்கே வகுந்து, எலும்புக் கூட்டிலிருந்து சதையைப் பலகை போல் எடுத்துவிட்டால் முள்ளின் கணக்கே மாறிவிடும். ஏற்றுமதி நிறுவனங்களும் பெரிய ஓட்டல்களும் இப்படித்தான் செய்கின்றன. இதற்குக் கொடுவாவைப் போல் ஏற்ற மீன் குறைவு. சதை தடிப்பு, முள் சொற்பம், இருக்கும் முள்ளும் ஓரிடத்தில் வரிசையாக நிற்கும். எலும்புக்கூட்டைப் பதிவேட்டில் வரைந்து பாகங்களைக் குறித்தபோதெல்லாம் ஆயாவின் நினைவுதான் எனக்கு. ஆனால் கொடுவாவுக்கு எங்கே போவது? அது விற்கும் மீனாயிற்றே.

ஐப்பசி மழையில் ஆற்றில் புதுத்தண்ணீர் ஓடிய ஒரு நாள், அப்பாவின் வலையில் இரண்டரைக் கிலோ கொடுவா ஒன்று விழுந்தது. ஏலத்தில் ஆயிரம் ரூபாய்க்குக் குறையாது. அந்த வாரம் நான் தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டும். வலை வாங்க முன்பணம் கொடுத்த வியாபாரி வேறு கரையில் நிற்பார். மீனைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய அப்பாவிடம், "இது ஒண்ண கறிக்கு வச்சுக்கலாம்பா, ஆயாவுக்கு" என்றேன். அப்பா அம்மாவைப் பார்த்தார். "கட்டணத்துக்கு?" என்று ஒரு சொல்தான் கேட்டார். அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, "நான் பாத்துக்கறேன். ரெண்டு தெரு கூட சுத்தினா ஆச்சு. வச்சுட்டுப் போங்க" என்றாள். வியாபாரியிடம் என்ன பதில் சொன்னார் என்பதை அப்பா இன்றுவரை எங்களிடம் சொன்னதில்லை.

செதிலை வாலிலிருந்து தலை நோக்கிச் சுரண்டினேன். கொடுவாவின் முதுகு முள் குத்தும். செவுள் மூடியின் விளிம்பு பிளேடு போல அறுக்கும். ஆகையால் துணியைச் சுற்றிப் பிடித்துக்கொள்வது நல்லது. குடலை எடுத்துக் கழுவித் துடைத்தபின், செவுளுக்குப் பின்னால் கத்தியைச் சாய்த்து நடுவெலும்பு தட்டும்வரை இறக்கினேன். பின்பு கத்தியைப் படுக்க வைத்து, எலும்பை உரசியபடியே வால்வரை கொண்டுசென்றேன். கத்தி எலும்போடு பேசிக்கொண்டே போக வேண்டும். சத்தம் நின்றால் சதையில் இறங்கிவிட்டது என்று பொருள். விலா எலும்புகளைத் தனியே சீவி எடுத்தேன். இரு பக்கமும் சேர்ந்து ஏறக்குறைய ஒரு கிலோ சதை கிடைத்தது. தோலை உரிக்கவில்லை. தலையும் நடுவெலும்பும் அம்மாவின் குழம்புக்குப் போயின.

மிஞ்சியது அந்த முள் வரிசை ஒன்றுதான். தலைப் பக்கத்திலிருந்து சதையின் நடுக்கோட்டில் தொடங்கி, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தூரம் வரை அது புதைந்திருக்கும். கண்ணுக்குத் தெரிவது அரிது, விரலுக்குத்தான் தெரியும். இரண்டு பலகைகளையும் முறத்தில் வைத்துத் திண்ணைக்குக் கொண்டுபோய் ஆயாவின் மடிக்கு முன் வைத்தேன். அப்பாவின் வலைப் பெட்டியிலிருந்த சிறு குறடை வெந்நீரில் கழுவி அவள் கையில் கொடுத்தேன்.

"என்ன மீனு?" என்று கேட்டுக்கொண்டே ஆயா தொட்டாள். தொட்டதும் முகம் மாறிற்று. "கொடுவா. ஏலத்துக்குப் போகலியா?"

"இது கறிக்கு. முள்ளு இருக்கான்னு நீயே பாத்து எடு ஆயா."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. இடக்கை விரலைச் சதையின்மேல் மெல்ல ஓட்டினாள். "இங்க ஒண்ணு" என்று குறடால் பிடித்து, முள் சாய்ந்திருந்த போக்கிலேயே இழுத்தாள். சதை கிழியாமல் முள் வந்தது. "இங்க ஒண்ணு. இங்க." முறத்தின் ஓரத்தில் முட்கள் ஊசிகளைப் போல வரிசையாகக் குவிந்தன. முடிந்தபின் மேலும் கீழுமாக இருமுறை தடவிப் பார்த்தாள். வாலோரத்தில் ஒன்றுமில்லாத இடத்தையும் விடவில்லை. பிறகு, "எடுத்துக்கிட்டுப் போ. சுத்தம்" என்றாள். கூடையை இறக்கிக் கணக்கு முடித்த நாட்களில் அவளிடம் இருந்த அதே குரல்!

சமையல் எளிது. நான்கு பல் பூண்டு, ஒரு கரண்டி மிளகு, அரைக் கரண்டி சோம்பு இவற்றை அம்மியில் அரைத்து, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், உப்பு சேர்த்து, அரை மூடி எலுமிச்சைச் சாற்றில் குழைத்துக்கொள்ள வேண்டும். உள்ளங்கை அகலத் துண்டுகளில் இதைத் தடவிக் கால் மணி நேரம் வைத்தால் போதும். மணிக்கணக்கில் ஊறவிட்டால் புளிப்பு, அடுப்பில் வைக்குமுன்பே சதையை வெளுக்க வைத்துவிடும். இரும்புத் தோசைக் கல்லை நன்றாகக் காயவைத்து நல்லெண்ணெய் ஊற்றி, தோல் பக்கம் கீழே இருக்குமாறு துண்டுகளை இட வேண்டும். தோல் சுருங்கி மீன் வளையப் பார்க்கும். முதல் அரை நிமிடம் கரண்டியால் மெல்ல அழுத்திப் பிடித்தால் வளையாது. பிறகு தொடவே கூடாது. தோல் மொறுமொறுப்பானதும் தானே கல்லை விட்டுவிடும். இரண்டு விரல் தடிப்பு உள்ள துண்டுக்குத் தோல் பக்கம் ஐந்தாறு நிமிடம், மறுபக்கம் இரண்டு நிமிடம். கடைசியில் ஒரு கொத்து கறிவேப்பிலை.

மீன் ஏன் இவ்வளவு விரைவில் வேகிறது? ஆட்டுக்கறியில் தசையைக் கட்டி வைத்திருக்கும் இணைப்புத் திசு மிகுதி. அது கரைய நேரமாகும். மீனில் அது சொற்பம். இலேசான சூட்டிலேயே இளகிவிடும். மீனின் தசை மடிப்பு மடிப்பாக அடுக்கப்பட்டிருப்பதை நாம் படித்திருக்கிறோம். அடுக்குகளுக்கு இடையிலுள்ள திசு இளகியதும் அவை இதழ் இதழாகப் பிரிகின்றன. கண்ணாடி போலிருந்த சதை பால் வெண்மையாகி, விரலால் அழுத்தினால் இதழ் பிரியும் நேரமே இறக்கும் நேரம். அதற்கு மேலும் கல்லில் கிடந்தால் நீர் வற்றிச் சக்கையாகும்.

எங்கள் வீட்டில் சோறுதான் தட்டின் நடுவில் இருக்கும். மீன் ஓரத்தில் இருக்கும். அன்று மீனை நடுவில் வைத்து, கொஞ்சம் சோறும் மாங்காய் போட்ட தலைக் குழம்பும் ஓரத்தில் வைத்தோம். ஆயாவுக்கு இரண்டு துண்டுகள். யாரும் ஆய்ந்து கொடுக்கவில்லை. யாரும் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருக்கவுமில்லை. அவள் இதழ் இதழாகப் பிரித்துத் தின்றாள். மொறுமொறுத்த தோலையும் விடவில்லை. "ஆத்துத் தண்ணி குடிச்ச மீனு" என்றாள். பிறகு, "உப்பு ஒரு கல்லு கம்மி" என்றாள். கை கழுவும்போதுதான் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னாள்: "எத்தன கொடுவா தூக்கியிருப்பேன்! நடுத்துண்டு இன்னிக்குத்தான்."

தேர்வுக் கட்டணத்தை அம்மா குறித்த நாளில் கொடுத்துவிட்டாள். அவள் எத்தனை தெரு கூடுதலாகச் சுற்றினாள் என்று நான் கேட்கவில்லை.

கொடுவாவுக்காக எப்போதும் வலையை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் உயிரின வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997இல் கொடுவாவை நம் நாட்டில் முதன்முதலாக வளர்ப்பு நிலையிலேயே இனப்பெருக்கம் செய்வித்தது. எங்கள் சீர்காழி வட்டாரத்துத் தொடுவாயிலும் ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையத்தின் கொடுவாக் குஞ்சுப் பொரிப்பகம் ஏற்பட்டது. இக்குஞ்சுகளை வளர்ப்பது எளிதன்று. பெரியது சிறியதை விழுங்கிவிடும். ஆகவே அடிக்கடி அளவு பார்த்துப் பிரித்துவிட வேண்டும். குளத்தில் வளர்ந்த கொடுவா சந்தைக்கு வருவதால், ஆற்றில் மீன் இல்லாத மாதத்திலும் கல்யாணம், விசேஷம் போல ஒரு நாளைக்காவது வாங்க இயலுகிறது. அப்படி வாங்கும்போது அம்மா அதைத் துண்டு போடுவதில்லை. நெடுக்கே வகுந்து, முறத்தில் வைத்துத் திண்ணைக்கு அனுப்புகிறாள். இப்போது வஞ்சிரத்தையும் ஆயாதான் தடவிப் பார்க்கிறாள். அண்டை வீட்டுப் பெண் தன் குழந்தைக்கு முதன்முதலாக மீன் ஊட்டும் நாளிலும் சதையை ஆயாவிடம்தான் கொண்டுவந்தாள்.

தோழர்களே, தோழியரே! நம்மில் பலர் வீட்டில் கண் மங்கிய முதியோர் உள்ளனர். அவர்களுக்கு வேண்டியதை நாமே செய்து கொடுப்பது அன்புதான். ஆனால் அவர்கள் கை இன்னும் எதைச் செய்ய வல்லது என்று அறிந்து, அந்த வேலையை அவர்களிடமே விடுவது அதனினும் பெரிய மரியாதை. அதற்கு ஒரு முறமும் ஒரு குறடும் எங்கள் வீட்டில் போதுமானவையாக இருந்தன. உங்கள் வீட்டில் அது வேறு ஏதாவதாக இருக்கலாம். இந்த விடுமுறையில் தேடிப் பாருங்கள்.