வழியில் மறித்த வணிகம்

அமிர்தி மலையடிவாரத்திலிருந்து ஆட்டுத்தோல் கொண்டுவருபவரை வழியிலேயே மறித்து, ஆம்பூரில் விலை ஏறியதை மறைத்து வாங்குவது எத்தகைய வணிகம்? சந்தைக்கு வரும் வணிகக் கூட்டத்தை அவ்வாறு எதிர்கொண்டு வாங்குவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். விற்றவர் சந்தையை அடைந்தபின் விற்பனையை முறித்துக்கொள்ளும் உரிமையையும் அளித்தார்கள்.

கொழும்பில் பிறந்த தமிழர் ராஜ் ராஜரத்தினம் நியூயார்க்கில் கேலியன் நிதி நிறுவனத்தை நடத்தியவர். கோல்ட்மேன் சாக்ஸ் நிறுவனத்தில் வாரன் பஃபெட் 500 கோடி டாலர் முதலிடவிருக்கும் செய்தியை, 2008 செப்டம்பர் 23 அன்று அதன் இயக்குநர் ரஜத் குப்தா அவருக்குத் தொலைபேசியில் தெரிவித்தார். (இருவருமே பெரும் படிப்பாளிகள்!) சந்தை மூடுவதற்குச் சில நிமிடங்களே இருக்க, ராஜரத்தினம் பங்குகளை வாங்கினார். 2011இல் அவருக்கு 11 ஆண்டுச் சிறை. 2012இல் குப்தாவுக்கு 2 ஆண்டு. அன்று அறியாமல் விற்றவர்களோ, யாரிடம் விற்றோம் என்பதையே அறியார்.