வர்ணம் பூசிய வீடும் நிரம்பாத குழியும்

யாழ்ப்பாணத்தில் சொந்த வீடு வைத்திருப்பவர் வருடந்தோறும் கவனித்தேயாகவேண்டிய இடங்கள் மூன்று என்பேன். கூரையின் உட்புறம், கிணற்றின் அடி, மலசலகூடக் குழி. மூன்றுமே விருந்தினர் கண்ணிற் படாதவை. அதனாற்போலும் எம்மவரின் பணம் முன்மதிலுக்கும் இரும்புக் கேற்றுக்கும் வர்ணப்பூச்சிற்குமே போய்ச் சேருகின்றது. நல்லூர்த் திருவிழாவையொட்டி வெளிநாட்டிலிருந்து வருவோருக்காக ஆடி மாதத்தில் வீடுகள் பளபளப்பாகின்றன. ஐப்பசியில் மழை தொடங்கும்போது அவர்கள் திரும்பிப் போயிருப்பார்கள்.

மழைக்கு முன்னர் ஓடு பார்ப்பது இங்கு பழைய வழக்கம். புரட்டாதியில் ஒருவர் ஏணியோடு வந்து, வெடித்த ஓடுகளை மாற்றி, பீலியில் அடைந்த சருகை அள்ளி, முகட்டோட்டின் சாந்தைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போவார். அரை நாள் வேலை. முற்றிய பனையிலிருந்து எடுத்த வளையும் சிலாகையும் ஒரு தலைமுறைக்கு மேல் நிற்கக்கூடியவை. ஆனால் ஓர் ஓட்டின் வெடிப்பால் ஒழுகும் நீர் அந்த மரத்தின் சுவரோடு சேரும் நுனியை ஈரமாக்கினால் பின்னர் கறையான் அழைப்பின்றியே வந்துவிடும்.

ஆளில்லாத வீட்டிற்கு ஒரு மாரி என்ன செய்யும் என்பதைக் குடாநாட்டவருக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதுமே இடம்பெயர்ந்தது, மழைக்காலம் தொடங்கிய வேளையில். 1996 சித்திரையில் திரும்பி வந்தோர் கண்ட அழிவுகளில் ஷெல்லடியால் ஆனவை ஒருபுறம். சில ஓடுகள் மட்டும் போன வீடுகளிலும் உட்சுவர் ஊறி, கதவுகள் உப்பி, மரமெல்லாம் கறையான் புற்றாய் இருந்தன. இன்று பூட்டிக்கிடக்கும் வீடுகளுக்குப் போர் தேவையில்லை, மழை போதும்.

சுவர் விடயத்திலும் ஒரு தவறான பழக்கம் வேரூன்றிவிட்டது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் தொடங்கும் முன்னர் கட்டப்பட்ட வீடுகள் பல சுண்ணாம்புக் கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாக எழுந்தவை. அச்சுவர்கள் நிலத்திலிருந்து ஈரத்தை உறிஞ்சி, வெளியே விட்டு உலரும். அவற்றின்மேல் சீமெந்து பூசினால் ஈரம் உள்ளே அடைபடும். அதோடு வரும் உப்பு பளிங்காகிப் பூச்சை உதிர்க்கும். உதிர்ந்த இடத்தில் மீண்டும் சீமெந்து பூசுவதும் அது மீண்டும் உதிர்வதும் வருடாந்த உற்சவம். கொங்கிறீற் தட்டு வீடுகளிலோ கம்பி துருவேறிப் பருத்துக் கொங்கிறீற்றைப் பிளக்கிறது. வெடிப்பின்மேல் பூசி மறைப்பதால் பயனில்லை. உடைத்துத் துருவைச் சுரண்டியே திருத்தவேண்டும்.

இவையெல்லாம் வீட்டுக்காரருடைய நட்டம். மூன்றாவது விடயம் அப்படியல்ல.

"எங்கட குழி இருபது வருசமா நிரம்பேல்லை" என்று பெருமையாகச் சொல்பவர்கள் பலரை அறிவேன். அது பெருமைக்குரிய செய்தியன்று. அடி பூசாத குழியிலிருந்து கழிவுநீர் எங்கோ போய்க்கொண்டிருக்கின்றது என்பதே அதன் பொருள். குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மழைநீர் சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளுக்குள் இறங்கி, கீழே கடலிலிருந்து ஊடுருவியிருக்கும் உவர்நீரின்மேல் மிதக்கின்றது. கடல்மட்டத்திற்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால் அதன்கீழ் ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது நிலநீரியற் கணக்கு. நீர் குறைகிறதென்று கிணற்றை ஆழப்படுத்துவோர் உப்பைத் தேடிப் போகிறார்கள். அதே வெடிப்புகள் வழியேதான் குழிநீரும் கிணற்றிற்குப் போகிறது.

கிணற்றிற்கும் குழிக்கும் 50 அடி இடைவெளி என்பது பலரும் அறிந்த கணக்கு. காணிகளோ பிள்ளைகளுக்குப் பிரித்துப் பிரித்து இரண்டு பரப்பாகிவிட்டன. இரண்டு பரப்பு ஏறத்தாழ 5,400 சதுர அடி. சதுரமாக எடுத்தால் ஒரு பக்கம் 74 அடிக்குக் கிட்ட. அதற்குள் வீட்டையும் கட்டி, தன் கிணற்றிலிருந்து 50 அடி தள்ளிக் குழி வெட்டுபவர் அநேகமாக அயலவரின் கிணற்றடியில்தான் வெட்டுகிறார். உரமும் குழிகளும் சேர்ந்து குடாநாட்டின் பல கிணறுகளில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருக்கின்றது. கொதிக்கவைத்தாற் கிருமி சாகும். நைத்திரேற்று போகாது, நீர் வற்ற வற்றச் செறிவு கூடவே செய்யும். புட்டிப்பால் கரைக்கும் நீரில் அது மிகுந்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழக்கிறது.

கனடாவிலிருந்து உறவினர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார்:

"அண்ணை, வீட்டுக்குப் பெயின்ற் அடிக்க எவ்வளவு முடியும்?"

"பெயின்ற்றைப் பிறகு பாப்பம் தம்பி. குழிக்கு அடி பூசியிருக்கோ?"

"அங்க ஒருத்தரும் இல்லைத்தானே, அதுக்கேன் இப்ப?"

வீட்டில் குடியிருப்போர் இல்லை என்பது உண்மை. ஆனால் வருடத்தில் ஒரு மாதம் பத்துப் பேர் வந்து தங்குகிறார்கள், பக்கத்து வளவில் குழந்தை இருக்கிறது. அடியும் பக்கமும் பூசிய தொட்டி கட்டி, சில வருடங்களுக்கு ஒருமுறை உள்ளூராட்சி சபையின் பவுசரை அழைத்து அகற்றுவிப்பதே முறை. செலவுதான். முன்மதிலுக்கு இட்ட அலங்காரத்தைவிடக் கூடுதலாயிராது.

கிணறு இறைப்பதற்கு ஆவணி, புரட்டாதி ஏற்ற காலம். நீர் கீழே போயிருக்கும், சேறு அள்ளலாம். ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன். மண்ணெண்ணெயில் இயங்கும் இயந்திரத்தை எக்காரணங்கொண்டும் கிணற்றுக்குள் இறக்காதீர்கள். அதன் புகை கீழே தேங்கி இறங்கியவரைக் கொல்லும். அவரைத் தூக்கப் போனவரையும் கொல்லும். இயந்திரம் மேலே, காற்றுப் போகும் திசையில் நிற்கட்டும். இறங்குபவரின் இடுப்பில் கயிறும், கயிற்றின் மறுமுனையில் இருவரும் இருக்கட்டும். இறைத்து முடிந்தபின் குளோரின் இடும் அளவைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டறியலாம்.