அம்மா கார்டுல என் தலை நிழல்!

எங்க ஊரை நீங்க கண்டிப்பா பார்த்திருப்பீங்க. பேர்தான் ஞாபகம் இருக்காது. ‘ரோஜா’ படத்துல (1992) ஹீரோயினோட ஊர் எதுன்னு யோசிங்க... அதே சுந்தரபாண்டியபுரம்தான்! ‘அந்நியன்’ (2005) பாட்டுக்காக நடிகர்கள் முகத்தை வரைஞ்ச பாறையும் எங்க ஊர்லதான். அதுக்கு ‘அந்நியன் பாறை’ன்னே பேர் ஆயிடுச்சு. ஜூலை, ஆகஸ்ட் வந்தா சூரியகாந்தி பூக்கும். குற்றாலத்துல குளிச்ச ஜனம் ஈரத்தலையோட வண்டியைத் திருப்பிட்டு வந்து, பூவுக்கு நடுவுல நின்னு போட்டோவா எடுத்துத் தள்ளும்.

இப்படி போட்டோவுக்கே பேர் போன ஊர்ல பிறந்துட்டு, எனக்கு நிஜமாவே தேவைப்பட்ட ஒரே ஒரு போட்டோவை நான் சொதப்பினேன் பாஸ். அது பூவும் இல்ல, பாறையும் இல்ல. எங்க அம்மாவோட பீடித் தொழிலாளர் அடையாள அட்டை!

எங்க அம்மா பீடி சுத்துறாங்க. தென்காசிப் பக்கத்து ஃப்ரெண்ட்ஸ் யாராவது இருந்தா கேட்டுப் பாருங்க, அவங்க தெருவுலயும் நாலு வீட்டு வாசல்ல மடியில சொளவு வச்சு, இலை, தூள், நூலோட அம்மாக்கள் உட்கார்ந்திருப்பாங்க. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய தொழிலாளர் அமைச்சகம் ஸ்காலர்ஷிப் தருது. ஒண்ணாங்கிளாஸுக்கு வருஷம் 1,000 ரூபாயில ஆரம்பிச்சு, இன்ஜினீயரிங் மாதிரி தொழிற்படிப்புக்கு 25,000 ரூபாய் வரைக்கும். ஆன்லைன்ல விண்ணப்பிக்கணும், கூடவே அம்மாவோட அட்டையை ஸ்கேன் பண்ணி ஏத்தணும்.

நான் ஃபர்ஸ்ட் இயர். ‘ஸ்கேன் தானே, ஒரு க்ளிக்’னு நினைச்சேன். ராத்திரி ட்யூப்லைட்டுக்குக் கீழே, அட்டையைத் தரையில போட்டு, குனிஞ்சு எடுத்தேன். லேமினேஷன் போட்ட அட்டை, ட்யூப்லைட் அப்படியே அதுல பளபளன்னு விழுந்திருந்துச்சு. பாதி அட்டையில என் தலை நிழல். ஒரு மூலை கட். அதை வாட்ஸ்அப்ல பிரவுசிங் சென்டருக்கு போட்டோவா அனுப்பினேன். வாட்ஸ்அப் ஒரு தடவை அமுக்கிச்சு. சைஸ் அதிகம்னு சென்டர்ல இன்னொரு தடவை அமுக்கினாங்க. கடைசியா போய்ச் சேர்ந்தது ஒரு மங்கலான மஞ்சள் சதுரம்!

கொஞ்ச நாள் கழிச்சு, ‘ஆவணம் தெளிவாக இல்லை’ன்னு விண்ணப்பம் திரும்பி வந்துச்சு. தப்பு முழுக்க என்னோடது. சரி பண்ணி அனுப்ப நாலே நாள். நான் ஹாஸ்டல்ல, அட்டை ஊர்ல.

அம்மாவுக்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம் கேட்டாங்க: “ஒந் தலை நெழலுக்கு இருபத்தஞ்சாயிரமாய்யா?”

கேட்டதும் சிரிப்பு வந்துச்சு. போனை வச்சுட்டு, 25,000 ரூபாய்க்கு அம்மா எத்தனை பீடி சுத்தணும்னு கணக்குப் போட ஆரம்பிச்சேன். பாதியிலயே நிறுத்திட்டேன்.

அன்னிக்கு ராத்திரி ஹாஸ்டல்ல ஒரு சீனியர் அண்ணன் பாடம் எடுத்தார். “தம்பி, போட்டோ வேற, ஸ்கேன் வேற. போட்டோ எடுக்கும்போது போன் எதையும் கேக்காது. ஸ்கேன்ல மொதல்ல பேப்பரோட நாலு மூலையும் எங்கேன்னு தேடும். நீ கோணலா பிடிச்சிருந்தாலும் அந்த நாலு மூலையை வச்சு இழுத்து நேராக்கும். அப்புறம் வெள்ளையை வெள்ளையாக்கி, எழுத்தைக் கறுப்பாக்கும். மூலையே தெரியலைன்னா பாவம், அது என்ன பண்ணும்?”

அவர் சொன்னதை அப்படியே உங்களுக்கும் சொல்றேன், குறிச்சுக்குங்க.

வெள்ளைப் பேப்பரை வெள்ளைத் தரையில வைக்காதீங்க. கறுப்போ, அடர் பிரவுனோ ஏதாவது மேல வைங்க, ஓரம் பளிச்னு தெரியும். வெளிச்சத்துக்குப் பகல்ல ஜன்னலோரம் போதும். ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம், லேமினேஷன் அட்டைக்கு அது எமன். வெளிச்சம் பக்கவாட்டுல இருந்து வரட்டும், நீங்க அதுக்குக் குறுக்கே நிக்காதீங்க. போனைப் பேப்பருக்கு நேர் மேலே, தட்டையா பிடிங்க.

‘நம்ம போன் கேமரா இதுக்குப் பத்துமா’ன்னு கவலையா? ஏ4 தாளை அங்குலத்துக்கு 300 புள்ளின்னு நல்ல தரத்துல ஸ்கேன் பண்ணா 2480 x 3508 புள்ளி வரும். மொத்தமா 87 லட்சம். 12 மெகாபிக்சல் கேமரான்னா 120 லட்சம் புள்ளி. ஸோ, தாராளம்!

தனியா ஆப் தேடி அலையவும் வேண்டாம். ஆண்ட்ராய்டுன்னா கூகுள் டிரைவ்லயே ஸ்கேன் இருக்கு. ஐபோன்ல 2017-ல இருந்து நோட்ஸ்லயே இருக்கு. முன்னாடி எல்லாரும் ‘கேம்ஸ்கேனர் பண்ணி அனுப்பு’ன்னுதான் சொல்வாங்க. 2019 ஆகஸ்ட்ல அதோட ஆண்ட்ராய்டு ஆப்ல, விளம்பரத்துக்காகச் சேர்த்திருந்த பகுதியில தீங்கான புரோகிராம் இருக்குன்னு காஸ்பர்ஸ்கை நிறுவனம் கண்டுபிடிச்சுது. 2020 ஜூன் 29-ல இந்திய அரசு தடை செஞ்ச 59 ஆப்கள்ல அதுவும் ஒண்ணு. நம்ம ஆதாரையும் மார்க் ஷீட்டையும் காட்டுற ஆப் யாரோடதுன்னு ஒரு நிமிஷம் பார்க்கறதுல தப்பே இல்ல.

வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் பிடிச்சு ஊருக்குப் போனேன். சனிக்கிழமை காலையில வாசல் பக்கம் மரப்பெஞ்சை இழுத்துப் போட்டு அட்டையை வச்சேன். அதுல அம்மாவுக்கு இருபது வயசு இருக்கும். ரெட்டை ஜடை. அந்த போட்டோவை நான் அதுவரைக்கும் சரியா பார்த்ததே இல்ல. முதல் தடவை எடுத்தப்ப என் நிழல் விழுந்திருந்தது சரியா அந்த முகத்து மேலதான்.

க்ளிக்! நாலு மூலையும் விழுந்துச்சு. எழுத்தெல்லாம் பளிச். உடனே அனுப்பிடலாம்னு இருந்தேன். ஆனா, சீனியர் ஒரு கதை சொல்லி அனுப்பியிருந்தார். நாம காப்பி எடுக்கறதுக்கே ‘ஜெராக்ஸ்’னு பேர் வச்சிருக்கோம்ல? அந்த நிறுவனத்தோட சில மெஷின்கள்ல 2013-ல ஒரு கூத்து. டேவிட் க்ரீசல்னு ஜெர்மனிக்காரர் ஒரு கட்டட பிளானை ஸ்கேன் பண்ணியிருக்கார். வந்த காப்பியில ரூம்களோட அளவே மாறியிருந்துச்சு! ஃபைலைச் சின்னதாக்கறதுக்காக, ஒரே மாதிரி தெரியற எழுத்துக்கெல்லாம் அந்த மெஷின் ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப ஒட்டியிருக்கு. அதுல 6 இருக்க வேண்டிய இடத்துல 8 வந்திருக்கு. மங்கலா இருந்தா நாம சந்தேகப்படுவோம். இது பளிச்னு தப்பா இருந்துச்சு, அதான் வில்லங்கம். அப்புறம் அந்த நிறுவனம் சாஃப்ட்வேரைத் திருத்தி வெளியிட்டுச்சு.

அதனால அம்மாகிட்ட அட்டையைக் குடுத்து, “எம்மா, நம்பரை வாசிங்க”ன்னேன். அவங்க ஒவ்வொரு எண்ணா வாசிக்க, நான் போன்ல சரிபார்த்தேன். ஒரு இடத்துல நிறுத்தினாங்க. “இது மூணா எட்டாய்யா? கண்ணாடி இல்லாம தெரியலையே...” பெரிசுபடுத்திக் காட்டினேன். எட்டு! முதல் படத்துல அதை மூணுன்னுதான் யாரும் படிச்சிருப்பாங்க.

பிடிஎஃப் ஆக்கி நானே போன்ல இருந்து ஏத்தினேன். அடுத்தவங்களுக்கு அனுப்பணும்னா வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பாம, டாக்குமென்ட்டா அனுப்புங்க. அதே தரத்துல போய்ச் சேரும்.

அப்புறம் ஞாபகம் வந்து பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன், பழைய ஃபைலை அழிக்கச் சொல்லலாம்னு. அங்கே டெஸ்க்டாப் முழுக்க யார் யாரோட ஆதாரோ பல்லைக் காட்டிட்டு இருந்துச்சு. வெளியில கொடுத்துட்டு வந்தா, நின்னு அழிச்சுட்டு வாங்க. ஆதார் நம்பர் முழுசா தேவைப்படாத இடத்துக்கு, கடைசி நாலு எண் மட்டும் தெரியற ‘மாஸ்க்டு ஆதார்’ குடுங்க. ஆதார் வெப்சைட்லயே அது கிடைக்குது.

இன்னொண்ணு. நாம ஸ்கேன் பண்ணது ஒரிஜினல் ஆயிடாது. 2015-ல ஆரம்பிச்ச டிஜிலாக்கர்ல, சம்பந்தப்பட்ட துறையே நேரடியா வழங்குற சான்றிதழ் ஒரிஜினலுக்குச் சமம்னு 2017-ல விதி வந்துச்சு. அதே டிஜிலாக்கர்ல நாமளா எடுத்து ஏத்துற படத்துக்கு அந்த மதிப்பு கிடையாது. பேப்பரைப் பத்திரமா வைங்க மக்கா!

அந்த வருஷம் பணம் வந்துச்சு. வந்த அன்னிக்கு அம்மா, “இந்த தடவ தலைய ஒழுங்கா வச்சிருந்தியாக்கும்”னாங்க.

இப்போ நான் ஃபைனல் இயர். லீவுல ஊருக்குப் போன ஒரு நாள், வீட்டு டிரங்குப் பெட்டியையே இறக்கினேன். தாத்தாவோட பழைய காகிதத்துல ‘நெல்லை கட்டபொம்மன் மாவட்டம்’னு இருக்கு. 1997-ல மாவட்டங்களுக்கு வச்சிருந்த தலைவர்கள் பேரை எடுத்ததுக்கு முந்தினது. ரேஷன் கார்டுல ‘திருநெல்வேலி மாவட்டம்’. என்னோட சான்றிதழ்ல ‘தென்காசி மாவட்டம்’, 2019 நவம்பர்ல பிறந்த மாவட்டம். வீட்டை விட்டு நகரவே இல்ல, மூணு மாவட்டத்துல வாழ்ந்திருக்கோம்!

எல்லாத்தையும் எடுத்து முடிச்சப்ப, அம்மா அடியில இருந்து நாலா மடிச்ச ஒரு தாளை நீட்டினாங்க. அவங்களோட எட்டாங்கிளாஸ் டி.சி. மடிப்புல எழுத்து உதிர்ந்து போச்சு.

“இத யாரு கேக்கப் போறா... இருந்தாலும் எடுத்து வையி.”

கம்ப்யூட்டருக்குள்ள முதன்முதலா ஸ்கேன் ஆகிப் போன படம் எதுன்னு தெரியுமா? 1957-ல அமெரிக்காவுல ரஸல் கிர்ஷ் தன்னோட மூணு மாசக் குழந்தையோட போட்டோவைத்தான் ஸ்கேன் பண்ணார். 176 x 176 புள்ளி, அவ்வளவுதான். அங்கே அப்பா பிள்ளையை எடுத்தார். இங்கே நான் அம்மாவை எடுத்தேன். மடிப்பை நீவி விட்டு, ஜன்னலோரம் வச்சு, என் நிழல் விழாம.

அடுத்த லீவுக்கு ஊருக்குப் போறீங்கல்ல? செல்ஃபி எல்லாம் அப்புறம் எடுத்துக்கலாம். முதல்ல அந்த டிரங்குப் பெட்டியை இறக்குங்க.