சுண்ணாம்பின் பிடி

சித்தப்பாவின் குளிசைப் பெட்டிக்குள் ஒரு பெரிய வெள்ளைக் குளிசை. சப்பித் தின்ன வேண்டியது. அதுவும் சாப்பாட்டோடு சேர்த்துத்தான். சாப்பிட்டு இரண்டு மணித்தியாலம் கழித்துப் போட்டால் பிரயோசனமில்லை. மட்டையைத் திருப்பிப் பார்த்தேன். கல்சியம் காபனேற்று. அச்சுவேலியில் கிணறு வெட்டினால் வருகிற சுண்ணாம்புக்கல்லும் பெரும்பாலும் அதுதானே.

“எலும்பு பலக்கிறதுக்கோ சித்தப்பா?”

“இல்லையடா தம்பி. சாப்பாட்டில இருக்கிற பொஸ்பரசைப் பிடிக்கிறதுக்காம்.”

*

‘பிடிக்கிறது’ என்ற சொல் மனதில் நின்றுவிட்டது. வெங்காயத் தோட்டத்துக்கு அடிக்கட்டுப் பசளை போடும்போது விவசாயப் போதனாசிரியரும் இதையேதான் சொல்லுவார்: “எங்கட மண் பொஸ்பரசைப் பிடிச்சு வைச்சுக்கொள்ளும், விடாது.” முப்பது வருஷமாகக் கேட்ட வசனம். மண்ணுக்குள் நடப்பதும் சித்தப்பாவின் குடலுக்குள் நடப்பதும் ஒன்று என்று இப்போதுதான் உறைக்கிறது. கல்சியமும் பொஸ்பேற்றும் சந்தித்தால் கரையாத உப்பாகிவிடும். தோட்டத்தில் அது நட்டம். சித்தப்பாவுக்கு அதுவே மருந்து: கரையாதது இரத்தத்துக்குப் போகாது, மலத்தோடு வெளியேறிவிடும்.

*

வளர்ந்த மனிதனின் உடம்பில் ஏறத்தாழ 700 கிராம் பொஸ்பரஸ் இருக்கிறது. அதில் 85 வீதம் எலும்பிலும் பல்லிலும், கல்சியத்தோடு கைகோத்தபடி. மிச்சம் ஒவ்வொரு கலத்திலும். நாம் மண்வெட்டி பிடிப்பதும் மூச்சு விடுவதும் ஏரீபீ என்ற மூலக்கூறின் தயவில். அதன் வாலில் மூன்று பொஸ்பேற்றுகள்; ஒன்று கழலும்போது வேலைக்கான சக்தி வருகிறது, பிறகு திரும்ப ஒட்டிக்கொள்கிறது. நாளொன்றுக்கு நம்முடைய நிறையளவு ஏரீபீ இப்படிக் கழன்றும் ஒட்டியும் புரளுகிறது.

தேவை நாளுக்கு 700 மில்லிகிராம். சோறும் மீனும் பருப்பும் தின்கிற வீட்டில் அது தானாகவே வந்துவிடும். கூடினதைச் சிறுநீரகம் வெளியே தள்ளும். தள்ள முடியாதபோதுதான் இப்படியொன்று உடம்பில் இருப்பதே தெரியவருகிறது. இரத்தத்தில் டெசிலீற்றருக்கு 2.5 முதல் 4.5 மில்லிகிராம் வரை இருக்க வேண்டியது, சித்தப்பாவுக்குப் போன மாதம் 7. இரவிரவாக உடம்பு சொறிகிறார். எலும்பிலிருந்து கல்சியம் இறங்கும், இரத்தக் குழாயில் சுண்ணாம்பு படியும். கிழமைக்கு இரண்டு தடவை டயலிசிஸ் செய்தாலும் அந்த இயந்திரம் பொஸ்பரசை அரைகுறையாகத்தான் எடுக்கும்.

*

செம்பாட்டு மண் பற்றி.

மேலே இரும்புச் சிவப்பு, கீழே சுண்ணாம்புக்கல். இரும்பும் பொஸ்பரசைப் பிடிக்கும், சுண்ணாம்பும் பிடிக்கும். இரண்டு பேர் காவல். ரிஎஸ்பி என்கிற சுப்பர் பொஸ்பேற்றை எறிந்தால், போட்டதில் பெரும்பகுதி அந்தப் போகத்துப் பயிருக்குக் கிடைப்பதில்லை. கிடைக்கவில்லை என்று அடுத்த போகத்துக்கும் அதே அளவு. அதற்கடுத்த போகத்துக்கு ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று இன்னும் ஒரு பிடி. இப்படியே தலைமுறையாகத் தீவிரமாக மரக்கறி செய்த மண்களில் பொஸ்பரஸ் குவிந்து கிடப்பதை இலங்கையின் பல இடங்களில் மண் பரிசோதனை காட்டியிருக்கிறது.

யூரியாவின் கதை நேரெதிர். நைதரசன் நிற்காது, தண்ணீரோடு சுண்ணாம்புப் பொத்துக்குள்ளால் நேரே கிணற்றுக்கு இறங்கிவிடும். வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டி நிற்பது பழைய செய்தி. ஒரே தோட்டத்தில் போட்ட இரண்டு பசளை: ஒன்று ஊரை விட்டு ஓடுகிறது, மற்றது படலையைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிறது.

அப்பு காலத்தில் பூவரசங் குழையும் பனையோலையும் தாழ்த்தினார்கள். இரவில் ஆட்டுப்பட்டி அடைத்தார்கள். குழை உக்கும்போது வருகிற அமிலம் சுண்ணாம்பின் பிடியைக் கொஞ்சம் தளர்த்தும். அவர்களுக்கு அந்த இரசாயனம் தெரியாது. குழை தாழ்த்தின பாத்தியில் வெங்காயம் கொழுக்கும் என்று தெரியும். போர்க்காலத் தடையில் பசளை வராமல் போனபோது, விட்ட பழக்கத்தைத் திரும்பப் பிடித்தவர்கள் தப்பினார்கள். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசாங்கம் தடைசெய்து நவம்பரில் கைவிட்டபோதும் இதே யோசனை வந்தது. யூரியா இல்லாமல் பயிர் சில கிழமைகளில் மஞ்சளடித்துவிடும். பொஸ்பரசுக்கு மண்ணில் முதல் இருக்கிறது. சோதித்துப் பார்க்காதவர்களுக்கு அது தெரியாது.

*

எப்பாவல. அநுராதபுரப் பக்கம். 1971இல் புவிச்சரிதவியல் திணைக்களம் கண்டுபிடித்த, அப்பரைற்று என்கிற பொஸ்பேற்றுக் கல்லின் படிவு. சுமார் 6 கோடித் தொன் என்று மதிப்பீடு. நம் பல் மிளிரியும் அப்பரைற்று வகைதான். எப்பாவலப் படிவை ஒரு அமெரிக்கக் கம்பனியோடு சேர்ந்து தோண்டி முடிக்கிற திட்டத்துக்கு எதிராக ஊர்ச் சனம் உயர் நீதிமன்றம் போனது. 2000ஆம் ஆண்டுத் தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாக வந்தது. வரும் தலைமுறைக்கும் அந்தக் கல்லில் பங்குண்டு என்ற வாதம் அதில் நிற்கிறது.

‘அப்படியென்றால் ரிஎஸ்பியை ஏன் கப்பலில் கொண்டுவருகிறோம்?’ என்று ஆட்கள் கேட்பார்கள். எப்பாவலக் கல்லை அரைத்து அப்படியே போட்டால் தேயிலை, இறப்பர் மண்ணில் மெல்லக் கரையும். அங்கே மண் புளிப்பு. எங்கள் மண்ணில் அது கல்லாகவே கிடக்கும். சுண்ணாம்புக்குள் சுண்ணாம்பைப் போட்ட கதை.

*

நெருப்புப்பெட்டி: குச்சியின் தலையில் பொஸ்பரஸ் இல்லை, பெட்டியின் பக்கத்தில் பூசிய சிவப்பு பொஸ்பரசில்தான் சூட்சுமம். 1669இல் ஹம்பேர்க்கில் ஹென்னிக் பிராண்ட் என்பவர் பொன் செய்யப் போய், வாளி வாளியாகச் சிறுநீரைக் காய்ச்சி, இருட்டில் ஒளிர்கிற பொஸ்பரசைக் கண்டார். சிறுநீரகம் வெளியே தள்ளுகிற சாமானை அவர் முதலில் கண்டதும் சிறுநீரில்தான். சித்தப்பாவுக்குச் சொன்னேன். “அந்த மனிசனுக்கு வேற வேலை இல்லையோ” என்றார்.

*

சித்தியின் தடைப் பட்டியல், குசினிக் கதவில் ஒட்டியிருப்பது: நெத்தலிக் கருவாடு, ரின் மீன், பால்மா, சீஸ், கச்சான், சொசேஜ், கறுப்புச் சோடா, குரக்கன்.

குரக்கன்தான் சண்டை. “வருத்தக்காரருக்கு எண்டே செய்த சாமானெல்லோ” என்பது சித்தப்பாவின் வாதம். அவர் சொல்வதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. தானியம், பருப்பு வகைகளிலுள்ள பொஸ்பரசின் பெரும்பகுதி பைற்றேற்று என்ற பூட்டுக்குள் இருக்கிறது. மனிதக் குடலில் அதற்குச் சரியான திறப்பு இல்லை, பாதிக்கும் குறைவாகத்தான் ஏறும். சொசேஜுக்கும் சோடாவுக்கும் தொழிற்சாலையில் சேர்க்கிறது பூட்டில்லாத பொஸ்பேற்று, கிட்டத்தட்ட முழுக்க இரத்தத்துக்குப் போய்விடும். பக்கற்றில் பொஸ்பரஸ் என்று எழுதியிருக்காது. 338 முதல் 341, 450 முதல் 452 என்று இலக்கமாக ஒளிந்திருக்கும். கண்ணாடி போட்டுத் தேட வேண்டும். பட்டியலில் உள்ளதில் ஒன்றை மட்டும் சாப்பாட்டிலிருந்து வெட்டு என்றால், நான் குரக்கனை விட்டுவிட்டுச் சோடாவை வெட்டுவேன். ஆனால் பட்டியல் சித்தியுடையது.

*

இந்த முறை வெங்காயத்துக்கு முன்னம் மண் சோதிப்பது என்று முடிவு. தோட்டத்தில் பத்து இடத்தில், ஆறு அங்குல ஆழத்தில் எடுத்துக் கலந்து, அரைக்கிலோவளவு பழைய பேப்பரில் பரப்பி விறாந்தை நிழலில் காயவிட்டோம். சித்தப்பா கட்டியெல்லாம் உடைத்து மாவாக்கி வைத்திருந்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போக ஆயத்தமாகி வெளியே வந்த சித்தி பேப்பரைக் கண்டு நின்றா.

“உதென்ன, எனக்குத் தெரியாமல் குரக்கன் மா வாங்கிக் காயப்போட்டிருக்கிறியளோ?”