ஒரு மழைக்கு இரு கரை



செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகக் கிழக்கே செல்லும் சாலை, சதுரங்கப்பட்டினத்தில் கடலோடு முடிகிறது. அங்கே ஒல்லாந்தர் எழுப்பிய செங்கற் கோட்டை இன்றும் நிற்கிறது. உள்ளே அவர்களுடைய கல்லறைகள். அவற்றின் மேல் கொடிகளும் குலச்சின்னங்களும் நுட்பமாய்ச் செதுக்கப்பட்ட கற்பலகைகள். மெல்லிய பருத்தித் துணிக்காகப் பல்லாயிரம் கல் கடந்து வந்தவர்கள், மண்ணுக்குள் அமைதியாய் உறங்குகிறார்கள்.

ஒருமுறை மதரஸா மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றிருந்தேன். "ஹஜ்ரத், இந்தக் கடலுக்கு அப்பால் இலங்கைதானே?" என்று ஒரு சிறுவன் நேர் கிழக்கே கைநீட்டிக் கேட்டான். ஆமென்று சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். வீடு திரும்பியதும் நிலப்படத்தை விரித்து அளவுகோலை வைத்துப் பார்த்தேன். கிழக்கே சென்றால் வருவது அந்தமான். இலங்கையோ நமக்கு நேர் தெற்கே இருக்கிறது! மாமல்லபுரத்துக் கரையிலிருந்து தெற்கு நோக்கி ஒரு கோடு இழுத்தால், அது நிலத்தைத் தொடாமல் கடலிலேயே ஓடி, ஏறத்தாழ 300 கிலோமீட்டரில் யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறையில் போய் முட்டுகிறது. இராமேசுவரத்துக்கு அப்பால் எங்கோ இருப்பதாக நாம் நினைத்திருக்கும் நாடு, நம் வாசலுக்கு நேரெதிர் வாசலாக இருக்கிறது. நாற்பது வயதைக் கடந்த பிறகு இதை அறிந்துகொண்டதில் எனக்குச் சற்று வெட்கம்தான்.

முன்னோர்க்கு இது தெரிந்திருந்தது. 7ஆம் நூற்றாண்டில் நாடிழந்த சிங்கள இளவரசன் மானவர்மன், நரசிம்மவர்ம பல்லவனிடம் அடைக்கலம் புகுந்தான். பல்லவப் படையுடன் சென்று முதன்முறை தோற்றுத் திரும்பி, மறுமுறை வென்று அரியணை ஏறினான் என்று இலங்கையின் பழைய வரலாற்று நூல் கூறுகிறது. அப்படை கப்பலேறிய துறை மாமல்லபுரமே என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின், 1782 பிப்ரவரி 17 அன்று, சதுரங்கப்பட்டினத்துக் கடலில் பிரெஞ்சுக் கடற்படையும் ஆங்கிலேயக் கடற்படையும் மோதின. அதே இரு படைகள் ஏப்ரலில் இலங்கையின் கிழக்குக் கரையிலும், செப்டம்பரில் திருகோணமலைக்கு எதிரிலும் மீண்டும் மோதிக்கொண்டன. அவர்களுக்கு இவ்விரு கரைகளும் ஒரே போர்க்களம்.

சில ஆண்டுகளுக்கு முன் அத்தீவைக் கண்டுவரும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. 65,610 சதுர கிலோமீட்டர் பரப்பு, தமிழ்நாட்டின் பாதியளவே. ஆனால் அதற்குள் இரண்டு நாடுகள் இருப்பது போன்ற தோற்றம். நடுவில் மலைகள். மிக உயர்ந்த பிதுருதலாகல 2,524 மீட்டர். மே முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குக் காற்றை இம்மலைகள் தடுத்து நிறுத்துவதால், கொழும்பும் காலியும் இரத்தினபுரியும் மழையில் நனைகின்றன. அதே நாள்களில் மட்டக்களப்பிலும் வவுனியாவிலும் மண் வெடித்துக் கிடக்கிறது. கொழும்பில் வியர்வை துடைத்துக்கொண்டிருந்தவர்கள் சில மணி நேரப் பயணத்தில் நுவரெலியாவில் கம்பளி தேடுகிறார்கள். அம்மலைச் சரிவுகளைப் போர்த்தியிருக்கும் தேயிலை 1867இல்தான் தோட்டப் பயிராயிற்று. அதற்கு முன்பு அங்கே காப்பி. இலைநோயால் அது அழிந்தது. காப்பிக்கும் தேயிலைக்கும் முதுகொடித்தவர்கள் நம் மாவட்டங்களிலிருந்து சென்ற ஏழைகளே. 1344இல் இப்னு பதூதா ஏறிய ஆதம் மலையும் இம்மலைத் தொகுதியில்தான் உள்ளது. மலையிறங்கிய அப்பயணியார், பின்னர்க் கடல் கடந்து வந்து சேர்ந்தது மாபார் என அரபுகள் அழைத்த நம் தமிழ்க் கரைக்கே.

மலையைத் தாண்டி வடக்கும் கிழக்கும் இறங்கியபோதுதான், செங்கற்பட்டுக்காரனாகிய எனக்கு வீட்டுக்கு வந்துவிட்ட உணர்வு ஏற்பட்டது. பனை, முட்புதர், செம்மண், அப்புறம் நீர்நிலைகள்! நமக்கு வடகிழக்குப் பருவமழை தரும் அதே வானம்தான் அவர்களுக்கும் தருகிறது. ஐப்பசியில் தொடங்கி மூன்று மாதம் கொட்டும். மற்ற மாதங்களில் கையை விரிக்கும். ஆகவே பெய்ததைப் பிடித்து வைத்தால்தான் சோறு. கொளவாய் ஏரியும் மதுராந்தகம் ஏரியும் எந்த அறிவால் பிறந்தனவோ, அதே அறிவு அங்கே பொலனறுவையில் 12ஆம் நூற்றாண்டில் பராக்கிரம சமுத்திரமாய் விரிந்தது. கரையில் நின்று பார்த்தால், எதிர்க்கரை கண்ணுக்கு எட்டாத தூரத்தில் மங்கலாய்த் தெரிகிறது. சொற்கள் மட்டும் சற்றே மாறுகின்றன. நாம் ஏரி என்பதை அவர்கள் குளம் என்கிறார்கள். நமக்கு மதகு, அவர்களுக்குத் துருசு. நிரம்பிய ஏரி கலங்கல் வழியே வழிவதை அவர்கள் 'வான் பாய்கிறது' என்று சொல்கிறார்கள். என்ன அழகான சொல்! வானிலிருந்து வந்தது வானாகவே பாய்கிறதாம்.

நம் மக்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அங்குள்ள சோனகர்களின் வீட்டு மொழி தமிழே. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் போலவே பேருவளையிலும் அரபுத் தமிழ் ஏடுகள் எழுதப்பட்டன. பெருநாள் காலையில் அங்கும் வட்டலப்பம் உண்டு. 1626இல் போர்த்துக்கீசியர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களில் ஆயிரக்கணக்கானோரை மட்டக்களப்புப் பக்கம் குடியமர்த்தி வாழவைத்தான். பௌத்த மன்னன் ஒருவனின் அந்த நன்றிக்கடனை இன்றும் அங்குள்ள பெரியவர்கள் மறவாமல் சொல்கிறார்கள். நெஞ்சைச் சுடும் மற்றொன்றையும் சொல்கிறார்கள். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தாருக்கு அளிக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடு, நகை, நிலம் அனைத்தையும் விட்டு நடந்தார்கள். பெரும்பாலோர் சென்று சேர்ந்த இடம் புத்தளம்.

புத்தளத்தில் என்னை விருந்தோம்பியவர் அவர்களில் ஒருவர். வெளியேறியபோது சிறுவன், தலைநரைத்த இந்நாளிலும் 'ஊர்' என்று அவர் சொன்னால், அது யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவையே குறிக்கும். 2009இல் போர் முடிந்தபின் சென்று பார்த்தாராம். வீட்டின் கூரை இல்லை, முற்றத்துக் கிணறு மட்டும் இருந்ததாம். "தண்ணீர் அதே ருசி, மௌலவி" என்றார். அதற்குமேல் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை; நானும் கேட்கவில்லை.

தீவும் நாமும் சேர்ந்து துன்புற்ற நாள்களும் உண்டு. 26.12.2004 அன்று எழுந்த ஆழிப்பேரலை, மாமல்லபுரத்தில் கடல் பின்வாங்கியபோது மூழ்கிக் கிடந்த கற்களை மக்களின் கண்ணுக்குக் காட்டிவிட்டு, ஊருக்குள் புகுந்தது. அதே காலையில் கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை ஆகிய ஊர்களின் கடலோரத் தெருக்களை அது அடியோடு கொண்டுசென்றது. இலங்கையில் மட்டும் மாண்டவர் முப்பதாயிரத்துக்கும் மேல்.

பின்னர் 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் வந்தது. இலங்கையின் மேல் ஏறி, கண்டியிலும் பதுளையிலும் மலைகளைச் சரியச் செய்து, அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்துவிட்டு, வடக்கே திரும்பிற்று. நான் நிலப்படத்தில் இழுத்த கோட்டின் மேலேயே நடந்து வருவது போல நம் கரையை நோக்கி வந்தது! வரும் வழியிலேயே வலுவிழந்ததால் நாம் பிழைத்தோம். நமக்கு எஞ்சியது மழை மட்டுமே.

அந்த நாள்களில் புத்தளத்து நண்பருக்குத் தொலைபேசியில் பலமுறை முயன்றேன். நான்காம் நாள்தான் குரல் கேட்டது. தெருவில் முழங்கால் அளவு நீர் நின்றதாகவும், பிள்ளைகளுடன் பள்ளிவாசல் மாடியில் இருந்து அன்று காலைதான் இறங்கியதாகவும் சொன்னார். சமையற்கட்டுச் சுவர் ஒன்று சாய்ந்துவிட்டதாம். ஆறுதலாக என்ன சொல்வதென்று தெரியாமல் நான் தயங்கிக்கொண்டிருக்கையில், அவரே கேட்டார்:

"அது கிடக்கட்டும், மௌலவி. உங்கட பக்கம் எப்படி? குளமெல்லாம் வான் பாயுதா?"