தலையில் ஒரு புள்ளி

இரைப்பைப் புற்றுநோயோடு பிடோக் வீட்டில் படுத்திருந்த தந்தையார், "யாருக்கு என்ன பாவம் செய்தேன், அம்மா?" என்று என்னிடம் கேட்பார். அன்று என்னிடம் விடையில்லை.

'ர'வின் தலையில் புள்ளியிட்டால் 'ர்' ஆகிறது. எழுத்து அழியவில்லை; அதன் அகரம் அடங்கிவிடுகிறது. நம் மரபணுவின்மீது மெத்தில் தொகுதி ஒட்டிக்கொள்வதும் அத்தகையதே. புற்றைத் தடுக்கும் மரபணுவின் தொடக்கப் பகுதியில் அது மிகுந்தால், அம்மரபணு வாய்மூடிவிடும். உயிரணு கட்டுப்பாடின்றிப் பெருகும்.

இரைப்பைப் புற்றில் 'ரன்க்ஸ்3' என்னும் மரபணு இவ்வாறு அடங்கியிருப்பதைப் பேராசிரியர் யோஷியாக்கி இத்தோ குழுவினர் 2002இல் வெளியிட்டனர். பின்னர் அவர் சிங்கப்பூரிலும் அவ்வாய்வைத் தொடர்ந்தார்.

முதுமையும் ஹெலிகோபாக்டர் கிருமியால் வரும் அழற்சியும் இப்புள்ளிகளைப் பெருக்குகின்றன. பாவம் அன்று, அப்பா.

பெற்றோரே, நோயுற்ற தாத்தாவைப் பற்றிப் பிள்ளைகள் கேட்டால் இந்தப் புள்ளியைச் சொல்லுங்கள்.