வெளிச்சத்துக்கு ஒரு வரவு செலவுக் கணக்கு

பைக்கில் எக்ஸ்ட்ரா லைட் மாட்டுவதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ரெண்டு லைட், ரெண்டு ஒயர், ஒரு சுவிட்ச். அவ்வளவுதானே? அவ்வளவுதான் என்று நினைத்த ஒரு பையனின் கதை இது. பெயர் வேண்டாம். பி.காம். கடைசி வருடம். வீடு நீலகிரி மாவட்டம், கூடலூர் தாலுகா, ஸ்ரீமதுரை. வண்டி அப்பாவுடையது, 100 சிசி, வயதில் கொஞ்சம் மூத்தது.

நீலகிரி என்றதும் ஊட்டி பூங்காவும் குன்னூர் ரயிலும் ஞாபகம் வந்தால் அதைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். ஸ்ரீமதுரை அந்த மலையின் மறுபக்கம். வயல், வாழை, இஞ்சி, காப்பி, மிளகு, நடுநடுவே தேயிலை, அதை ஒட்டியே முதுமலைக் காடு. முதுமலை 1940ல் சரணாலயம் ஆனது, 2007ல் புலிகள் காப்பகம் ஆனது. காட்டுக்கு வேலி உண்டோ இல்லையோ, யானைக்கு அது தெரியாது! பலா பழுத்தால் வரும், நெல் முற்றினால் வரும், ஒன்றும் இல்லாவிட்டாலும் சும்மா வந்துவிட்டுப் போகும்.

அதே காட்டின் இன்னொரு பக்கம், பந்திப்பூர் வழியாகப் போகும் மைசூர் சாலையில் 2009லிருந்து இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வண்டிகளுக்குத் தடை. அவசர ஊர்திகளும் குறிப்பிட்ட சில பேருந்துகளும் மட்டும் போகலாம். ராத்திரியில் அடிபட்டுச் சாகும் விலங்குகளைக் காப்பாற்றத்தான் இந்தத் தடை. 2010ல் கர்நாடக உயர் நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. ஆனால் ஊருக்குள் போகும் சின்னச் சாலைக்குக் கேட்டும் கிடையாது, நேரமும் கிடையாது. கூடலூரில் கடை வேலை முடிந்து ஏழரைக்குக் கிளம்புகிறவன் எட்டு மணிக்கு அந்த இருட்டில்தான் வந்தாக வேண்டும்.

நம்ம பையனுக்கும் அதுதான் நிலைமை. காலையில் கல்லூரி, சாயங்காலம் ஒரு கடையில் கணக்கு எழுதும் வேலை, ராத்திரி வீடு. வண்டியின் ஹெட்லைட் 35 வாட். மான் நின்றால் கண் மின்னும், தெரிந்துவிடும். சேறு பூசிய யானை அப்படியில்லை. டிம் லைட்டில் அதன் கால்கள் மட்டும்தான் தெரியும். அந்தக் கால்கள் பார்ப்பதற்கு மரம் மாதிரியே இருக்கும். ஒரு நாள் அப்படி ஒரு "மரம்" நகர்ந்தது. மறுநாளே எக்ஸ்ட்ரா லைட் மாட்டிவிட வேண்டும் என்று முடிவாகிவிட்டது.

இந்த இடத்தில் இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்துச் சின்ன பைக்குகள் பலவற்றில் ஹெட்லைட் பேட்டரியில் ஓடாது. இன்ஜினோடு சுற்றும் ஆல்டர்னேட்டரின் ஏ.சி. கரண்டில் நேராக ஓடும். அதனால் இன்ஜின் மெதுவாக ஓடினால் லைட்டும் மங்கும். மேட்டில், வளைவில், முதல் கியரில், அதாவது வெளிச்சம் மிகவும் தேவைப்படும் இடத்தில்தான் அது மிகவும் குறையும்! இன்ஜின் நின்றால் சுத்தமாக இருட்டு. இந்தக் கடைசி வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இணையத்தில் பார்த்து 55 வாட் ஹாலோஜன் ரெண்டு வாங்கினான். பக்கத்து மெக்கானிக்கிடம் கொண்டு போனான்.

"அண்ணே, ரிலே, ஃபியூஸ் எல்லாம் போடணுமாமே?"

"அதெல்லாம் காருக்குத் தம்பி. ஃபியூஸ் போட்டா அடிக்கடி போயிட்டே இருக்கும். டைரக்டா பேட்டரியில குடுத்துடலாம்."

அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. அன்று ராத்திரி சாலை பகல் மாதிரி இருந்தது. பையனுக்கு ஒரே சந்தோஷம்.

சரி, இப்போது கணக்குக்கு வருவோம். பி.காம். படிக்கிறவன் முதலில் போட்டிருக்க வேண்டிய கணக்கு இது. ஆல்டர்னேட்டர்தான் வண்டியின் வருமானம். பேட்டரி சேமிப்பு. விளக்கு, ஹாரன், இண்டிகேட்டர் எல்லாம் செலவு. ரெண்டு 55 வாட் சேர்ந்தால் 110 வாட். அதை 12 வோல்ட்டால் வகுத்தால் சுமார் 9 ஆம்பியர். சின்ன பைக்கின் பேட்டரி 3 அல்லது 4 ஆம்பியர்-மணிதான். அதாவது சேமிப்பை மட்டும் நம்பினால் அரை மணி நேரம்கூடத் தாங்காது. இன்ஜின் ஓடும்போது கொஞ்சம் வரவு இருக்கும். ஆனால் அந்த வரவு இந்தச் செலவுக்காகத் திட்டமிட்டது இல்லையே! நாலாவது நாள் ஹாரன் முனகியது. இண்டிகேட்டர் கண் சிமிட்டாமல் சும்மா நின்றது. பையன் பேட்டரி பழசு என்று நினைத்துக்கொண்டான்.

ஆறாவது நாள்தான் விஷயம் நடந்தது. மழை. வளைவில் ஹேண்டிலைத் திருப்பியபோது ஏதோ கருகிய வாசம். டேங்குக்கு அடியிலிருந்து புகை. ஹேண்டில் திரும்பும் இடத்தில் ஒயர் தினமும் இரும்பில் உரசி உரசித் தோல் கிழிந்து, பாடியில் பட்டு ஷார்ட் ஆகியிருக்கிறது. நடுவில் ஃபியூஸ் இருந்திருந்தால் அந்த நொடியே அது உருகி எல்லாவற்றையும் நிறுத்தியிருக்கும். ஃபியூஸ் இல்லாததால் பேட்டரியில் மிச்சம் இருந்தது முழுவதும் அந்த ஒயரில் பாய்ந்தது. மேலே பெட்ரோல் டேங்க்! பையன் இன்ஜினை அணைத்தான், சைடு கவரைப் பிடுங்கினான், பேட்டரியில் சும்மா முறுக்கி விட்டிருந்த ஒயரைக் கையாலேயே இழுத்தான். விரல் வெந்தது. புகை நின்றது.

இன்ஜின் நின்றது, அதனால் ஹெட்லைட்டும் இல்லை. மறுபடி ஸ்டார்ட் செய்யப் பயம். செல்போன் வெளிச்சத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தான். யானை வரவில்லை. வந்திருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி இருந்திருக்கும்.

அதன் பிறகுதான் உட்கார்ந்து படித்தான். படித்ததன் சாரம் இவ்வளவுதான்.

முதலில் ரிலே. இது ஒன்றும் பெரிய மர்மம் இல்லை. தந்தி கண்டுபிடித்த காலத்தில், கம்பி நீள நீள கரண்டு பலவீனமாகிக்கொண்டே போனது. பலவீனமாக வந்து சேரும் கரண்டு ஒரு காந்தத்தை இழுத்து, அது புதிய பலமான கரண்டைத் திறந்துவிட்டால் போதும் என்று யோசித்தார்கள். அமெரிக்காவின் ஜோசப் ஹென்றி 1835 வாக்கில் செய்து காட்டினார். களைத்த குதிரையை விட்டுவிட்டு வழியில் புதுக் குதிரை மாற்றும் பழைய வழக்கத்துக்கு இருந்த பெயர்தான் இதற்கும் வந்தது. பைக்கிலும் அதே கதைதான். ஹேண்டிலில் இருக்கும் சின்ன சுவிட்ச் ஒரு ஆம்பியரில் ஆறில் ஒரு பங்கு மாதிரி கொஞ்சம் கரண்டைத்தான் ரிலேக்கு அனுப்பும். பெரிய கரண்டு பேட்டரியிலிருந்து ரிலே வழியாக நேராக விளக்குக்குப் போகும். கரண்டு ரெண்டு மடங்கானால் ஒயரின் சூடு நாலு மடங்கு. மெல்லிய ஒயரும் ஐம்பது ரூபாய் சுவிட்சும் 9 ஆம்பியரைத் தாங்காததற்குக் காரணம் இதுதான். ஒயரில் ஒரு வோல்ட் வீணானால் ஹாலோஜன் வெளிச்சம் ஏறக்குறைய கால்வாசி குறைந்துவிடும் என்பது இன்னொரு நஷ்டக் கணக்கு.

ரிலேயின் அடியில் நாலு எண்கள் இருக்கும்: 30, 87, 85, 86. பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஃபியூஸ் வழியாக 30க்கு. 87லிருந்து விளக்குக்கு. 85 மைனஸுக்கு. 86க்கு, சாவி போட்டால் மட்டும் கரண்டு வரும் ஒயரிலிருந்து சுவிட்ச் வழியாக. சாவியை எடுத்தால் விளக்கும் தானாக அணையும். மறந்து போய்க் காலையில் வண்டியைத் தள்ள வேண்டாம். விளக்கின் மைனஸை துருப்பிடித்த பாடியில் கொடுக்காமல் நேராக பேட்டரி மைனஸுக்கே கொண்டு வருவது நல்லது. ஃபியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். தள்ளி இருந்தால், பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவில் உள்ள ஒயருக்குக் காவல் இல்லை.

அடுத்து, செலவைக் குறைத்தான். ஹாலோஜன் போய் 10 வாட் எல்.ஈ.டி. ரெண்டு வந்தது. மொத்தம் 20 வாட், 1.7 ஆம்பியர். உண்மையில் இவ்வளவு சின்ன கரண்டுக்கு ரிலே கட்டாயமே இல்லை, நல்ல சுவிட்ச் ஒன்றே போதும். சூடு கண்ட பூனை! ரிலேயும் போட்டான், 5 ஆம்பியர் ஃபியூஸும் போட்டான். இந்த முறை வேறொரு எலக்ட்ரீசியன் பக்கத்தில் நின்று பார்க்க, பையனே ஒயரைக் குழாய்க்குள் விட்டு, சைலன்சரில் படாமல் கொண்டு போய், ஹேண்டிலை ரெண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்து, இழுபடாத அளவுக்குத் தளர்வு விட்டான். முறுக்கி டேப் சுற்றும் வேலையே கிடையாது, எல்லாம் அழுத்திய கனெக்டர். கூடலூர் மழைக்கு டேப் எத்தனை நாள் தாங்கும்!

கடைசியில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தான். எல்லா விளக்கும் எரிய, ஓட்டும் வேகத்தில் இன்ஜின் ஓட, பேட்டரியில் 13.6 வோல்ட். 13.5க்கு மேல் நின்றால் வரவு செலவு சரி. 12.5க்குக் கீழே இறங்கினால் பற்றாக்குறை பட்ஜெட்.

கணக்கு டேலி ஆகிவிட்டது என்று நினைத்தான். இல்லை!

மூன்றாம் வாரம், மண்வயல் பக்கம், எதிரே ஒரு அக்கா கடையிலிருந்து அரிசிப் பையோடு நடந்து வந்துகொண்டிருந்தார். கையில் டார்ச் இல்லை. பையன் அவரைத் தாண்டியபோது பின்னால் ஒரு சத்தம். திரும்பிப் போய்ப் பார்த்தால் அக்கா சாலை ஓரத்துக் குழியில் உட்கார்ந்திருக்கிறார். அரிசி சேற்றில்.

"உன் லைட்டுல எனக்கு ஒண்ணுமே தெரியல தம்பி. நீ போனப்புறம் இன்னும் மோசம், கண்ணு இருட்டிக்கிச்சு."

கால் பிசகியிருந்தது. ரெண்டு வாரம் தோட்ட வேலைக்குப் போக முடியவில்லை. அந்த ரெண்டு வாரக் கூலி எந்தப் பேரேட்டில் ஏறும்?

இருட்டுக்குப் பழகிய கண் பளீரென்ற வெளிச்சத்தைப் பார்த்தால் மறுபடி இருட்டுக்குப் பழகப் பல நிமிடங்கள் ஆகும். பையனுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எரிந்த விளக்கு, நடந்து வந்தவரின் பார்வையைப் பிடுங்கிக்கொண்டது. மத்திய மோட்டார் வாகன விதி 106ம் இதைத்தான் சொல்கிறது. விளக்குக்கு 8 மீட்டர் முன்னால், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண் கூசக்கூடாது. ஒன்றரை மீட்டர் என்றால் கிட்டத்தட்ட அந்த அக்காவின் கண் உயரம். சட்டத்தில் இன்னொரு பக்கமும் உண்டு. 1988ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதைக் கடுமையாகவே சொன்னது. எக்ஸ்ட்ரா லைட்டுக்கு அபராதம் கட்டியவர்கள் கோபப்படுவதற்கு முன் ஒரு தடவை அந்த எட்டு மீட்டரில் போய் நின்று பார்க்கலாம்.

பையன் நின்று பார்த்தான். தம்பியை ஹேண்டிலைப் பிடிக்கச் சொல்லிவிட்டு எட்டு மீட்டர் நடந்து போய்த் திரும்பினான். கண்ணே தெரியவில்லை. விளக்கைக் கீழே இறக்கி, தலை குனிய வைத்தான். அதனால் ஒரு லாபமும் இருந்தது: பனிமூட்டத்தில் மேலே அடிக்கும் வெளிச்சம் நீர்த்துளியில் பட்டுத் திரும்பி வெள்ளைச் சுவர் மாதிரி நிற்கும், கீழே அடிப்பது சாலையைக் காட்டும்.

அடுத்தது சுவிட்ச். ஹெட்லைட் டி.சி.யில் ஓடும் வண்டி என்றால் ரிலேயின் 86ஐ ஹை பீம் ஒயரோடு சேர்த்துவிடலாம். டிம் செய்த உடனே எக்ஸ்ட்ரா லைட்டும் தானாக அணையும். ஆனால் இவன் வண்டி ஏ.சி. அதில் கொடுத்தால் ரிலே கடகடவென்று துடிக்கும். எனவே சுவிட்சை டிம் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே, இடது கட்டைவிரல் படும் இடத்தில் மாற்றினான். தானாக நடக்காது, விரல்தான் செய்ய வேண்டும். பழக ஒரு மாதம் ஆனது.

வேகமும் குறைந்தது. 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒன்றரை நொடி சுதாரிப்பதற்குள்ளேயே 25 மீட்டர் போய்விடும்; நிற்க மொத்தம் 50 மீட்டருக்கு மேல் வேண்டும். 40ல் சுமார் 30 மீட்டர். மழையில் இன்னும் கூடும். அந்த 20 மீட்டரைக் கடையில் வாங்கப் போனால் என்ன விலை? ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் விட்டால் இலவசம்!

இப்போதும் அந்தச் சாலையில் யானை நிற்கும். தூரத்திலேயே தெரிகிறது. பையன் வண்டியை நிறுத்தி, எக்ஸ்ட்ரா லைட்டை அணைத்து, ஹாரன் அடிக்காமல் காத்திருப்பான். அது போன பிறகுதான் கிளம்புவான். நடந்து வருகிறவர் யாராவது தெரிந்தாலும் கட்டைவிரல் தானாகப் போய்விடுகிறது. அந்த அக்கா இப்போதெல்லாம் எதிரே வந்தால், "ஆங், நீயா" என்று சொல்லிவிட்டு நடக்கிறார்.

உங்கள் வண்டியில் எக்ஸ்ட்ரா லைட் இருந்தால் இன்றைக்கு ராத்திரி ஒரு எட்டு மீட்டர் நடந்து பாருங்களேன் :)